வன்னியிலிருந்து ஒரு நாள் மலைக்கு

முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாலும் ஒரு மலை கண்ணில் படாது. ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல், அதற்கப்பால் வயலும் குளமும் காடும். மலை என்ற பெயரோடு இருக்கும் இடங்கள் அயலில் இல்லாமல் இல்லை. குருந்தூர்மலையும் வவுனியா வடக்கின் வெடுக்குநாறிமலையும் தொல்பொருள், வழிபாட்டுரிமைச் சர்ச்சைகளால் நாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள். ஆனால் மலைநாட்டுக்காரரின் கண்ணுக்கு அவை இரண்டும் காட்டுக்குள் எழுந்த பாறைக் குன்றுகள்தான்.

அதனாலோ என்னவோ, நீண்ட விடுமுறை வந்தால் வன்னிப் பெடியளுக்கு மலை ஆசை பிடித்துவிடுகிறது. வானுக்குக் காசு சேர்ப்பார்கள், இரவோடு இரவாகப் புறப்படுவார்கள். பெரும்பாலான பயணங்கள் கண்டி, நுவரெலியா, எல்ல என்று வானின் கண்ணாடி வழியே மலையைப் பார்ப்பதோடு முடிந்துவிடும். இறங்கி நடப்பவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேருக்கும் ஒரு விடயம் முதல் ஏற்றத்திலேயே புரிந்துவிடுகிறது: காடு பழகியவர்களுக்கும் மலை புதிது. யானைத் தடம் பார்த்து நடக்கவும் வெயிலில் திசை பிடிக்கவும் தெரிந்த ஒருவர், மலையில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் பிழை விட்டுவிடுவார். அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை, வன்னிக்கு மிகக் கிட்டிய பெருமலையான நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு ஒரு குழு போய்வரும் நாளை வைத்துப் பார்க்கலாம்.

பழைய வீதி, பழைய நடை

முல்லைத்தீவிலிருந்து ஏ-34 வீதி முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியே மாங்குளத்துக்கு வந்து ஏ-9 வீதியில் சேரும். அங்கிருந்து தெற்கே வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல, மாத்தளை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 250 கிலோமீற்றர். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்கே ஒரு நாள் போன வீதி இது. இன்று நள்ளிரவில் முல்லைத்தீவில் ஏறிய குழு விடியும்போது மாத்தளையில் பிளேன்ரீ குடிக்கலாம்.

தம்புள்ளை தாண்டியதும் நிலம் மாறத் தொடங்கும். வீதி வளையும், வயல்கள் படிப்படியாக ஏறும், மிளகுக் கொடியும் கொக்கோவும் தோட்டங்களில் தெரியும். தூக்கத்திலிருந்து எழும்புகிறவர்கள் கண்ணாடியைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பது இந்த இடத்தில்தான். காற்று குளிர்ந்திருக்கும்.

இதே வழியில் ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் பேர் கால்நடையாகப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் வள்ளங்களில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கினார்கள். பிறகு கங்காணி முன்னால் நடக்க, பெண்களும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு காட்டுப் பாதையில் மதவாச்சிப் பக்கம் வந்து, தம்புள்ளை வழியே மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீரும் உணவும் இல்லாமலும், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்கள் மாத்தளையிலிருந்து தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு 2 ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பயிர் மாறியது, தொழிலாளர்களின் வருகை நிற்கவில்லை.

அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபவனி புறப்பட்டது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பு அதை ஒழுங்கு செய்தது. 252 கிலோமீற்றரை 16 நாட்களில் கடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். மலைநடைக்குப் போகும் வன்னி வான் மதவாச்சியைத் தாண்டியதிலிருந்து மாத்தளை வரை ஓடுவது இந்த வழியில்தான்.

கைமுட்டி மலை

மாத்தளையில் இருந்து கிழக்கே திரும்பி இரத்தோட்டை தாண்டினால் வீதி ஏறத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் தேயிலை, மற்றப் பக்கம் பள்ளம். இறுக்கிப் பொத்திய கையின் மொளிகளைப் போலச் சிகரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்த ஆங்கிலேய நில அளவையாளர்கள் இத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் இது தும்பர மலைப் பகுதி. மிக உயர்ந்த கொம்பானிய சிகரம் 1,900 மீற்றரைத் தாண்டும்.

2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது மூன்று பகுதிகளைக் குறிப்பிட்டது: சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ். மற்ற இரண்டிலிருந்தும் நக்கிள்ஸ் தனியே பிரிந்து நிற்கிறது. நடுவே மகாவலிப் பள்ளத்தாக்கு. இப்படித் தனித்து நின்றதால் இங்கே உருவான உயிர்கள் வேறெங்கும் இல்லை. மூக்கில் இலை முளைத்தது போன்ற ஓர் ஓணான் இனம் நக்கிள்ஸ் காட்டுக்கு மட்டும் உரியது. மரக்கிளையில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கிடக்கும் இன்னொரு குட்டி ஓணானை 2006இல்தான் தனி இனம் என்று விவரித்தார்கள்.

இந்த மலைத்தொடரின் சிறப்பு ஒரே நாளில் இரண்டு நாட்டைக் காட்டுவது. மேற்குச் சரிவில் மழைக்காடு, பாசி, முகில். உச்சி தாண்டிக் கிழக்கே இறங்கினால் மரங்கள் உயரம் குறைந்து, மண் காய்ந்து, வன்னிக் காட்டின் சாயல் வந்துவிடும். இலுக்கும்புர பக்கம் இறங்கும்போது முல்லைத்தீவுக்காரர் ஒருவருக்குப் பாலையும் வீரையும் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. உலர் வலயம் அங்கே தொடங்கிவிடுகிறது.

வழமையாக ஒரு நாள் நடைக்கு வரும் குழுக்கள் றிவர்ஸ்டன் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், கோபுரம் நிற்கும் உச்சிக்குப் பெருந்தெருவில் இருந்து ஒரு பாதை பிரிகிறது. முதல் தடவை நடப்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அது போதும். அங்கே காற்றுத்தான் கதாநாயகன். தென்மேற்குப் பருவத்தில் தொப்பியையும் குடையையும் பறித்துக்கொண்டு போகும். அந்தக் காற்றில் வளரும் மரங்கள் இடுப்பளவுக்கு மேல் நிமிர முடியாமல், ஒரு பக்கமாகச் சரிந்து, முறுகி நிற்கும். கையகலத் தண்டுள்ள மரம்கூட ஆளுயரம் இராது.

சற்றுக் கீழே பிட்டவல பத்தனை என்ற புல்வெளி. பாறைத் தட்டின்மேல் மெல்லிய மண், அதில் குட்டைப் புல். மண் ஆழமில்லாததால் மரம் வேர் பிடிக்காது. புல்வெளியைக் கடந்து போனால் நிலம் திடீரென முடிந்து செங்குத்துப் பள்ளம். 'சின்ன உலக முடிவு' என்று எல்லோரும் சொல்லும் இடம் அது. வேலி கிடையாது. காற்று அடிக்கும் நாளில் விளிம்பில் நின்று படம் எடுக்க நினைப்பவரைக் குழுத் தலைவர் முதல் தடவை அன்பாகவும் இரண்டாம் தடவை ஏச்சோடும் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் இன்னொரு காட்சி கிடைக்கும். கூரை போன கற்சுவர்கள், கறை படிந்த அடுப்பு வாய்கள். ஏலக்காய் உலர்த்திய பழைய கட்டடங்கள் அவை. பெருமரங்களின் நிழலில் கீழ்ச்செடிகளை வெட்டிவிட்டு ஏலம் நட்டு, அங்கேயே விறகு வெட்டி உலர்த்தினார்கள். காட்டின் கீழ்த்தட்டு அழிந்ததால் பாதுகாப்புப் பகுதியில் அந்தச் செய்கை தடை செய்யப்பட்டது. வெட்டுவார் இல்லாமல் நிற்கும் ஏலச் செடிகள் பாதை ஓரத்தில் இன்றும் உண்டு; இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசம் வரும்.

கால் கணக்கு

வன்னியில் தட்டை வீதியில் ஒருவர் மணிக்கு 5 கிலோமீற்றர் நடப்பார். 'எட்டுக் கிலோமீற்றர் தானே, ஒன்றரை மணித்தியாலம்' என்று மலையிலும் அதே கணக்கைப் போடுவதுதான் முதல் பிழை. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். இன்றைய அளவில் 5 கிலோமீற்றருக்கு ஒன்று, 600 மீற்றர் ஏற்றத்துக்கு ஒன்று. எட்டுக் கிலோமீற்றர் பாதையில் 600 மீற்றர் ஏற்றம் இருந்தால் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். இது நல்ல பாதையில், ஓய்வில்லாமல், நடந்து பழகியவருக்கான கணக்கு. முதல் தடவை வருபவர்களும் பிள்ளைகளும் உள்ள குழு அதில் பாதியை இன்னும் கூட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது கணக்கு குளிர். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. முல்லைத்தீவில் 30 பாகை என்றால் றிவர்ஸ்டனில் 21 பாகை. கேட்க இதமாகத்தான் இருக்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் கால் மணித்தியாலம் இருந்து பார்த்தால் பல் கிட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடல் சூட்டை இழுத்துவிடுகிறது. விளையாட்டு அணிகள் போடும் மெல்லிய செயற்கை நூல் ரீசேட் சீக்கிரம் காயும். மாற்றுச் சட்டை ஒன்றும் மழைச் சட்டையும் பையில் இருந்தால் அன்றைய நாள் பிழைத்தது.

மூன்றாவது கணக்குத்தான் குழுவுக்கே உரியது. வேகத்தைத் தீர்மானிப்பவர் கடைசியில் வருபவர். பெடியள் நாலு பேர் முன்னால் ஓடிப்போய் மேலே இருந்து 'கெதியா வாங்கோ' என்று கத்துவார்கள். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ஓய்வெடுத்து முடித்த அந்த நாலு பேரும் எழும்பி நடப்பார்கள். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. அனுபவமுள்ள குழுக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பாதை தெரிந்த ஒருவர் முன்னால். நிதானமான ஒருவர் கடைசியில். முன்னவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது, பின்னவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கிளைப்பாதை வரும் இடமெல்லாம் எல்லோரும் சேரும் வரை நிற்பார்கள். வான் நிறுத்திய இடத்தில் ஒரு தடவை ஆட்களை எண்ணுவார்கள், இறங்கும்போது இன்னொரு தடவை.

திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்னரே முடிவு செய்வதும் இந்தக் கணக்கில் சேரும். மாலை ஆறரைக்கு இருட்டிவிடும்; காட்டுக்குள் அதற்கும் முந்தி. மதியம் ஒரு மணிக்குத் திரும்புவது என்று பேசிவிட்டால், உச்சி நூறு மீற்றர் தூரத்தில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். களைத்த காலும் ஈரப் பாறையும் சேரும் இறக்கத்தில் வழுக்கி விழுந்தவர் கதை மலைநடைக் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒன்றாவது இருக்கும்.

அட்டையோடு ஒரு பேச்சு

நக்கிள்ஸ் போய் வந்தவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'அட்டை கடிச்சதா?' என்பதுதான். மழைக்குப் பிறகு பாதையோரப் புல் நுனியில், நூல் துண்டு போல நிமிர்ந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். காலடி அதிர்வையும் உடல் சூட்டையும் மூச்சுக்காற்றையும் வைத்து ஆளை அறிகிறது. ஏறி ஒட்டுவது தெரியாது, கடிப்பதும் வலிக்காது. சப்பாத்துக்குள் பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று பார்க்கும்போது சொக்ஸ் சிவந்திருக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருளை அட்டை காயத்தில் விட்டுவிடுவதால், அது வயிறு நிறைந்து விழுந்த பிறகும் இரத்தம் வழியும்.

பயப்பட ஒன்றுமில்லை. நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் கொடுத்து மெதுவாகத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு காயத்தைக் கழுவி அமத்திப் பிடித்தால் போதும். தீக்குச்சியால் சுடுவதும் ஒட்டியிருக்கும்போதே உப்பைக் கொட்டுவதும் நல்லதில்லை. அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, அதன்மேல் சவர்க்காரமோ சித்தாலேபவோ பூசிக்கொண்டு போவது மலையூர்க்காரர் வழக்கம். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டைச் சொக்ஸும் கடைகளில் கிடைக்கிறது.

பையில் வேறென்ன? ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். ரோச் லைட், பகல் நடைக்கும். விசில் ஒன்று: முகிலுக்குள் குரலை விட அது தூரம் போகும். அலைபேசிச் சிக்னல் பல பள்ளங்களில் இராது என்பதால் போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வான் சாரதியிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே புட்டும் இடிசம்பலும் வரும். வாழையிலையில் கட்டினால் இரட்டை லாபம். லஞ்ச் சீற்றுக்கு 2017இலேயே தடை வந்துவிட்டது என்றாலும் பார்சல் குப்பை மலைப்பாதைகளை விட்டுப் போகவில்லை. கொண்டுபோன பிளாஸ்ரிக் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவருவது இங்கே சட்டம்.

இந்தக் காடு வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. காணிப் பிரச்சினைகளால் வன்னிக்கு நன்கு பழகிய பெயர். நக்கிள்ஸில் நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். தூரப் பாதைகளுக்கும் இரவு தங்குவதற்கும் முன்கூட்டியே அனுமதி பெற்று, உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் கூட்டிப்போக வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசை வீண் செலவாக நினைப்பவர்கள் உண்டு. முகில் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரத்தில் அந்த எண்ணம் போய்விடும்.

குழுவாக நடக்கும் வழக்கம்

பொழுதுபோக்குக்கென்று கூட்டமாக மலையில் நடப்பது பழைய காலத்து வழக்கம் அன்று. 1857இல் இலண்டனில் அல்பைன் கழகம் உருவானது. அது வசதி படைத்தோரின் மலையேற்றம். 1879இல் எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன் ஞாயிற்றுக்கிழமை நடையர் குழு ஒன்றைத் தொடங்கினார். 1891இல் சேர் ஹியூ மன்றோ ஸ்கொட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட, அவற்றை ஒவ்வொன்றாக ஏறி முடிப்பது அங்கே ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள்.

தொழிலாளர்களுக்கு மலை அவ்வளவு இலகுவில் திறக்கவில்லை. வட இங்கிலாந்தின் கின்டர் ஸ்கவுட் மேட்டுநிலம் பிரபுக்களின் வேட்டைக் காணியாக இருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, மன்செஸ்டரைச் சேர்ந்த பென்னி றொத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் நூற்றுக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் தடையை மீறி அதில் ஏறினார்கள். றொத்மன் உட்படச் சிலர் சிறை சென்றார்கள். 1949இல் தேசிய பூங்காக்கள் சட்டம் வந்ததற்குப் பின்னால் தடையை மீறிய அந்த நடையும் இருந்தது.

இலங்கையில் பிள்ளைகளைக் குழுவாக வெளியில் நடக்கப் பழக்கியவர்களில் சாரணர் இயக்கம் முக்கியமானது. நாட்டின் முதல் சாரணர் படை 1912இல் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸின் முயற்சியால் தொடங்கியது மாத்தளையில், கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில். நக்கிள்ஸின் அடிவாரப் பட்டினம் அது.

கூட்டமாகப் போனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதைத் தமிழ்நாடு கடுமையாகக் கற்றுக்கொண்டது. 2018 மார்ச் 11ஆம் திகதி, கொழுக்குமலைப் பக்கமிருந்து தேனி மாவட்டத்தின் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, சுழன்றடித்த காற்று. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 ஒக்டோபரில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்தது. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். சரிவில் ஓடி அதை வெல்ல முடியாது. வரட்சிக் காலத்தில் நக்கிள்ஸின் பத்தனைகளும் எரிவதுண்டு. காய்ந்த புல்லில் சிகரெட் பற்றவைப்பவரையும் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுபவரையும் தடுக்க வேண்டிய பொறுப்பு குழுத் தலைவருக்கு இருக்கிறது.

எந்த மாதம்?

வன்னியின் மாரி மழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுக்கும் பொதுவானது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மண் ஊறி, ஓடைகள் பெருகி, வீதியில் மண் சரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் மேற்குச் சரிவில் முகிலையும் காற்றையும் கொண்டுவரும். இடையில் பெப்ரவரியும் மார்ச்சும் நடப்பதற்கு நல்ல காலம். ஏப்ரலில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருந்தாலும் பிற்பகலில் இடிமுழக்கத்தோடு மழை வரும். மின்னல் நேரம் வெட்டவெளி உச்சியில் நிற்கக்கூடாது என்பதும் ஒரு மணிக்குத் திரும்புவதற்கு இன்னொரு காரணம்.

மண்சரிவை மலைநாடு ஒருபோதும் இலேசாக எடுப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். வீதிகளும் பாலங்களும் அறுந்தன. புறப்படுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதும், இரத்தோட்டைப் பக்கம் யாரையாவது அழைத்து வீதி நிலைமை கேட்பதும் வாடிக்கையாகிவிட வேண்டும்.

நக்கிள்ஸில் கால் பழகியவர்களுக்கு அடுத்த மலைகள் காத்திருக்கின்றன. 1988இல் தேசிய பூங்காவான ஹோட்டன் சமவெளியில் ஒன்பதரைக் கிலோமீற்றர் சுற்றுப்பாதை; 2,100 மீற்றர் உயரத்தில் பெரும்பாலும் தட்டையாகவே போகும். நடுவில் உலக முடிவு என்ற 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம். 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை பருவகாலம். நல்லதண்ணிப் பக்கமிருந்து 5,500 படிகள் அளவில் ஏறி, விடியலை உச்சியில் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டி நடக்கத் தொடங்க வேண்டும்.

நீண்ட நடைக்கு ஆசைப்படுவோருக்குப் பெக்கோ பாதை இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவுக்கு வரும் இந்தப் பாதை 300 கிலோமீற்றர் அளவு நீளம், 22 கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு நாளுக்குப் போதும். புதிதாக வெட்டிய பாதை என்று அதில் அதிகம் இல்லை. கொழுந்தும் பெட்டிகளும் ஏற்றிப் போன பழைய தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தினமும் நடந்த பாதைகள்.

வன்னியிலிருந்து போகும் குழுவில் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்கள் இல்லாமல் இருப்பது அரிது. 1958, 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடி வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறின. 1970களின் பிற்பகுதியில் காந்தியம் அமைப்பு அப்படி வந்த பலருக்குக் காணியும் கிணறும் கிடைக்க வழி செய்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் மலையைப் பார்ப்பதே இப்படியொரு விடுமுறைப் பயணத்தில்தான்.

பெக்கோ பாதையில் வெளிநாட்டு நடையர் கைப்பேசி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும் சந்திகளில் வன்னிப் பெடியளுக்கு அந்தச் சிரமம் இல்லை. மேலே கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கூப்பிட்டு வழி கேட்பார்கள். வழி சொல்வதற்கு முன் அவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். வன்னி என்றதும், அந்தப் பக்கம் போன சித்தப்பா ஒருவரின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று விசாரிப்பவர்களும் உண்டு. பேச்சு நீளும். திரும்பும் நேரம் என்று கணக்குப் போட்டு வைத்த ஒரு மணி தாண்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், பெக்கோ பாதைக்குப் போகும் வன்னிக் குழு நெய்ஸ்மித் கணக்கில் அதற்கும் அரை மணித்தியாலம் சேர்த்துக்கொள்வது புத்தி.